கிராண்ட் உதவிக்கு ஆள்: மைய அலுவலகத்திலா, துறையிலா, வெளியிலிருந்தா?

ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்க ஒரு பல்கலைக்கழகம் இரண்டோ மூன்றோ பணியிடங்களை ஒதுக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே எழும் கேள்வி, அவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான். நிர்வாகக் கட்டடத்தில் ஒரு மைய அலுவலகமாகவா, துறைகளுக்குள்ளா? ஆளே எடுக்காமல் அந்தப் பணத்தை வெளி ஆலோசகர்களுக்குக் கொடுக்கலாமா? மூத்த பேராசிரியர்களே இளையவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தட்டும் என்று விடலாமா? போதாததற்கு, செயற்கை நுண்ணறிவுக் கருவி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் இப்போது கூட்டத்தில் இருக்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் கருக்கொள்ளும் நாளிலிருந்து கடைசிக் கணக்கு முடியும் நாள்வரை ஒரே ஆள் ஆய்வாளருடன் கூடவே வர வேண்டும். எந்த ஏற்பாடு அதற்கு இடம் தருகிறதோ அதுதான் நல்ல ஏற்பாடு. என் கணக்கில், துறைக்குள் உட்கார்ந்து மைய அலுவலகத்துக்குப் பதில் சொல்லும் ஆள்தான் அதற்குப் பொருத்தம். மற்ற வழிகளையும் நியாயமாக எடைபோட்டுப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

சுமை எங்கே இருக்கிறது

ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு 2012இல் வந்த 3,727 விண்ணப்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு புதிய விண்ணப்பம் தயாரிக்க ஆய்வாளருக்குச் சராசரியாக 38 வேலை நாள் பிடித்தது. எல்லா விண்ணப்பங்களுக்கும் சேர்த்துக் கூட்டினால் ஏறக்குறைய 550 ஆண்டு உழைப்பு. நிதி கிடைத்ததோ ஐந்தில் ஒரு பங்குக்குத்தான். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: கூடுதல் நாள் செலவழித்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடவில்லை. அப்படியென்றால், ‘இன்னும் நன்றாக உழைத்து எழுதுங்கள்’ என்று சொல்வது உதவியே ஆகாது. தேவையில்லாத நாட்களைக் குறைத்துக் கொடுப்பதுதான் உதவி.

இது நிதி வருவதற்கு முன்பு உள்ள பாடு. அமெரிக்காவில் கூட்டரசு நிதி பெறும் ஆய்வாளர்களிடம் 2005, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் கேட்டபோது, அந்தத் திட்டங்களுக்கென்று தாங்கள் செலவிடும் நேரத்தில் 42 முதல் 44 சதவீதம் ஆய்வுக்குப் போகாமல் நிர்வாகத் தேவைகளுக்கே போய்விடுகிறது என்றார்கள். விண்ணப்பம் எழுதும் நேரமும் அதில் அடக்கம்தான். ஆனால் ஆள் எடுப்பது, பொருள் வாங்குவது, நெறிமுறைக் குழு அனுமதி, முன்னேற்ற அறிக்கை, செலவுக் கணக்கு என்று நிதி வந்தபின் தொடங்கும் வேலைகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. பல்கலைக்கழகங்கள் உதவி பற்றிப் பேசும்போதெல்லாம் விண்ணப்பத்தைப் பற்றியே பேசுகின்றன. கிராண்ட் கிடைத்ததும் கைதட்டிவிட்டு ஆய்வாளரைத் தனியே விட்டுவிடுகின்றன. எந்த ஏற்பாட்டை ஒப்பிட்டாலும் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

சக ஆசிரியர்களின் உதவி

இது எல்லா இடத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, செலவும் இல்லை. அறிவியல் உள்ளடக்கத்தைச் செதுக்க இதைவிடச் சிறந்த உதவி கிடையாது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தின் முக்கிய ஆய்வு நிதியான ஆர்01-க்கான விண்ணப்பத்தில் ஆய்வுத் திட்டத்துக்கு 12 பக்கம் உண்டு, நோக்கங்களுக்கோ ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தில்தான் பெரும்பாலும் விண்ணப்பத்தின் தலையெழுத்து முடிவாகிறது. மதிப்பாய்வுக் குழுவில் எல்லாரும் எல்லா விண்ணப்பங்களையும் முழுக்கப் படிப்பதில்லை. தங்களுக்கு ஒதுக்கப்படாதவற்றில் பலர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் புரட்டுவார்கள்.

அந்தப் பக்கத்தின் முதல் வரியாக நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது இப்படி இருக்கும்: ‘நிலத்தடி நீரில் ஆர்சனிக் பரவுவது குறித்த ஆய்வுகள் குறைவாகவே உள்ளன.’ இதைப் படிக்கும் குழு உறுப்பினருக்கு ஒன்றும் பிடிபடாது. ஆய்வுகள் குறைவு என்றால் யாருக்கும் அது தேவைப்படவில்லை என்றும் பொருள் கொள்ளலாம் அல்லவா? நல்ல சக ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன தெரியவில்லை, தெரிந்தால் என்ன மாறும்?” என்று கேட்டால் வரி தானாகத் திரும்பும்: ‘மழைக்காலத்துக்குப் பிறகு ஆர்சனிக் அளவு சில கிணறுகளில் ஏறுகிறது, பக்கத்துக் கிணறுகளில் இறங்குகிறது. ஏன் என்று தெரியாதவரை எந்தக் கிணற்றை மூடுவது என்று யாராலும் சொல்ல முடியாது.’ இப்போது குழு உறுப்பினர் அடுத்த வரிக்குப் போவார். இந்தக் கேள்வியைக் கேட்க அதே நுண்துறை நிபுணர் தேவையில்லை. பக்கத்துத் துறைக்காரர்தான் இன்னும் நன்றாகக் கேட்பார், ஏனென்றால் அவருக்கு எதுவும் சொல்லாமல் புரிந்துவிடாது.

இதன் குறையும் கண்கூடு. நல்ல வழிகாட்டி வாய்த்தவருக்குக் கிடைக்கும் உதவி வாய்க்காதவருக்குக் கிடைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர், வேறு ஊரிலிருந்து வந்தவர், துறைத்தலைவரோடு ஒத்துப்போகாதவர் ஆகியோர் வெளியே நிற்கிறார்கள். யோசனை களவு போகுமோ என்ற பயத்தில் காட்டாமலே இருப்பவர்களும் உண்டு. தவிரவும், எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் இந்த ஆண்டு விதிமுறையில் என்ன மாறியது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பத்து ஆண்டுக்கு முன் தனக்கு நடந்ததை வைத்து அவர் சொல்லும் பட்ஜெட் யோசனை ஆபத்தானது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு மட்டும் சக ஆசிரியரின் இடத்தை வேறு யாராலும் நிரப்ப முடியாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதே விண்ணப்பங்களைப் பல மதிப்பாய்வாளர்களிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது. அவர்களுக்குள் ஒத்த கருத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை. குறிப்புகளில் எதைத் திருத்துவது, எதை அந்த ஒருவரின் சுவை என்று விட்டுவிடுவது என்று பிரித்துச் சொல்ல, அந்தத் துறையில் பலமுறை அடி வாங்கியவர்தான் வேண்டும்.

மைய அலுவலகம்

இது இல்லாமல் தீராது. பெரும்பாலான கிராண்டுகள் ஆய்வாளர் பெயரில் பேசப்பட்டாலும் சட்டப்படி வழங்கப்படுவது நிறுவனத்துக்கு. கையெழுத்து நிறுவனத்துடையது, தவறு நடந்தால் கட்டுவதும் நிறுவனம்தான். டியூக் பல்கலைக்கழகத்தில் கூட்டரசு நிதி தொடர்பான விண்ணப்பங்களிலும் அறிக்கைகளிலும் பொய்யான ஆய்வுத் தரவுகள் இருந்தன என்ற வழக்கில், 2019இல் அது 11 கோடியே 25 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. அந்த அளவுக்குப் பொறுப்பு ஏற்கும் அமைப்பு, தன் பெயரில் எது வெளியே போகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. ஒப்பந்த விதி, அறிவுசார் சொத்துரிமை, ஓவர்ஹெட் (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்காக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு) விகிதம், நலன் முரண் அறிவிப்பு இவையெல்லாம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பார்க்கப்பட வேண்டியவை. ஓவர்ஹெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் அது நேரடிச் செலவில் ஒரே சீராக 25 சதவீதம். அமெரிக்கக் கூட்டரசு நிதியில் விகிதத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளாத நிறுவனங்களுக்கு 10 சதவீதமாக இருந்தது 2024 அக்டோபரில் 15 ஆனது. இவற்றையெல்லாம் ஒவ்வொரு துறையும் தானே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது நடக்காத காரியம்.

ஆனால் மைய அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே தூரம் இருக்கிறது. கட்டடத் தூரத்தைச் சொல்லவில்லை. ஆய்வாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு வரிசை எண் வரும், பதில் வேறொருவரிடமிருந்து வரும், அடுத்த கேள்விக்கு மூன்றாமவர் வருவார். ஒவ்வொருவருக்கும் திட்டத்தை முதலிலிருந்து விளக்க வேண்டும். பல இடங்களில் விண்ணப்பப் பிரிவும் நிதிக்குப் பிந்தைய பிரிவும் தனித்தனி அலுவலகங்கள். அங்கே பட்ஜெட் போட்டவர் ஒருவர், அதை வைத்துக்கொண்டு திண்டாடுபவர் இன்னொருவர்.

என்ன ஆகும் என்பதற்கு ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர் ஒரு நுண்ணோக்கிக்கு விலைப்புள்ளி வாங்கி, அந்தத் தொகையை அப்படியே பட்ஜெட்டில் எழுதுகிறார். விண்ணப்பப் பிரிவு கூட்டல் சரியா, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுகிறது. நிதி வருகிறது. இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது: விலைப்புள்ளியில் வரியும் சரக்குக் கட்டணமும் இல்லை, கருவியை வைக்கும் அறைக்கு அதிர்வு தாங்கும் மேசை வேண்டும், டெண்டர் நடைமுறைக்கே பல மாதம் ஆகும், மூன்றாம் ஆண்டில் உத்தரவாதம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. நிதி வந்தபின் கணக்கைப் பார்க்கும் ஆள் விண்ணப்ப நாளில் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்திருந்தால் இவை நான்கையும் கேட்டிருப்பார், ஏனென்றால் போன திட்டத்தில் இதே நான்கும் அவர் கழுத்தைப் பிடித்திருக்கும்.

துறைக்குள் ஒருவர்

நான் இதன் பக்கம் சாய்வது இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். துறையில் இருப்பவருக்கு யார் என்ன செய்கிறார், எந்த மாணவர் எப்போது முடிக்கிறார், எந்தக் கருவி பழுது என்பதெல்லாம் நடைபாதையிலேயே தெரிந்துவிடும். அழைப்பு வெளிவந்த அன்றே சரியான இருவரிடம் போய்ச் சொல்வார். எல்லாருக்கும் அனுப்பும் மாதமடலை எல்லாரும் அழிக்கிறார்கள் என்பது ஊரறிந்தது. “இது உங்களுக்குத்தான், போன வருடம் எழுதியதில் பாதி இதற்குப் பொருந்தும்” என்று கதவைத் தட்டிச் சொல்வதை யாரும் அழிப்பதில்லை. விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். பொருந்தாத அழைப்புக்கு எழுதாமல் விடுவதால் மிச்சமாகும் வாரங்கள்தான் இந்த முழு ஏற்பாட்டின் பெரிய லாபம்.

நிதி வந்தபின் இவருடைய மதிப்பு இன்னும் கூடுகிறது. முதுமுனைவர் (முனைவர் பட்டம் முடித்து ஆய்வுப் பணிக்கு வருபவர்) ஒருவரை எடுக்க ஆறு மாதம் தாமதமானால் சம்பளத் தலைப்பில் பணம் தேங்கும். அதைக் கடைசி ஆண்டில் கண்டுபிடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்தால் தலைப்பு மாற்றலாம், அல்லது கூடுதல் நிதியின்றிக் கால நீட்டிப்பு கேட்கத் திட்டமிடலாம். காலாண்டுக்கு ஒருமுறை முதன்மை ஆய்வாளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து செலவுப் பட்டியலை வரிவரியாகப் படிப்பதுதான் இதற்கான வழி. ‘மீதி எவ்வளவு’ என்று கேட்டால் போதாது. ‘இந்தத் தொகை இங்கே ஏன் வந்தது, வர வேண்டியது ஏன் வரவில்லை’ என்று கேட்க வேண்டும். வேறு திட்டத்தின் பயணச் செலவு தவறுதலாக இங்கே ஏறியிருப்பது இப்படித்தான் தெரியவரும். ஆய்வுத் தரவுகளை எப்படிச் சேமிப்போம், பகிர்வோம் என்று சொல்லும் தரவு மேலாண்மைத் திட்டமும் அப்படியே. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை 2011 முதல் கேட்கிறது, தேசிய உடல்நல நிறுவனத்தின் விரிவான கொள்கை 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு மறந்துவிடுவது வழக்கம். எழுதியதைச் செய்தோமா என்று நினைவூட்ட ஒருவர் வேண்டும்.

கணக்கு முடிந்தாலும் கதை முடிவதில்லை. ஹொரைசன் யூரோப்பில் பொதுவாக, இறுதித் தவணை வந்து இரண்டு ஆண்டுவரை தணிக்கை வரலாம், ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குள் ஆய்வாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போயிருப்பார், மாணவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. துறைக்குள் இருக்கும் தனி ஆள் மெல்ல மெல்லத் துறையின் எல்லா வேலைக்கும் ஆள் ஆகிவிடுவார். கருத்தரங்கு ஏற்பாடும் தேர்வு அட்டவணையும் அவர் மேசைக்கு வந்து சேரும். அவர் விடுப்பில் போனால் எல்லாம் நின்றுவிடும். விதிகள் மாறும்போது சொல்ல ஆளில்லாமல் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பார். துறைத்தலைவர் ஒரு செலவைக் கண்டுகொள்ளாமல் விடச் சொன்னால், சம்பளம் அவர் கையில் இருக்கும்போது மறுப்பது கடினம். இந்த நான்குக்கும் மருந்து ஒன்றுதான்: இருக்கை துறையில் இருக்கட்டும், நியமனமும் பயிற்சியும் பணி மதிப்பீடும் மைய அலுவலகத்திடம் இருக்கட்டும். இரண்டு துறைக்கு ஒருவர் என்று வைத்து, ஒருவருக்கு இன்னொருவர் மாற்றாள் என்று எழுத்தில் போட்டுவிடுங்கள். வாரத்தில் அரைநாள் எல்லாரும் மையத்தில் கூடட்டும்.

வெளி ஆலோசகர்

பல நாட்டு நிறுவனங்கள் சேரும் பெரிய கூட்டு விண்ணப்பத்துக்கு அனுபவமுள்ள ஆலோசகர் உண்மையிலேயே உதவுவார். கூட்டாளிகளைத் துரத்திப் பிடிப்பது, வேலைத் தொகுப்புகளைக் கோர்ப்பது, நூறு படிவங்களைச் சரிபார்ப்பது இவையெல்லாம் தனித்திறமை. இளம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தவும் அழைக்கலாம். அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். சமர்ப்பித்த மறுநாள் அவர் போய்விடுவார். அவர் வாக்குக் கொடுத்ததை நிறைவேற்ற வேண்டியவர் ஆய்வாளர்.

கிடைத்தால் இத்தனை சதவீதம் என்று கேட்பவரை மட்டும் உள்ளே விடவே வேண்டாம். அமெரிக்காவின் கிராண்ட் தொழில்முறையாளர் சங்கத்தின் நெறிமுறையே சதவீதக் கூலியைத் தடுக்கிறது. காரணம் எளிது: ஆய்வுக்கென்று கொடுத்த பணத்திலிருந்து விண்ணப்பம் எழுதியதற்குக் கூலி எடுக்கப் பெரும்பாலான நிதியளிப்போர் அனுமதிப்பதில்லை. அதோடு, கிடைத்தால்தான் காசு என்னும்போது எழுதுபவர் மிகைப்படுத்தவே செய்வார். வேலைக்கோ மணிக்கோ இவ்வளவு என்று பேசுங்கள், யோசனை வெளியே போகாதபடி ஒப்பந்தம் போடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு

நீண்ட அழைப்பு அறிக்கையிலிருந்து தகுதி விதிகளைப் பட்டியலிடவும், பக்க வரம்புக்குள் சுருக்கவும், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் வாக்கியங்களைச் சீராக்கவும் இது நல்ல உதவி. மொழிக்காகவே பின்தங்கிய பலருக்கு இது நியாயம் செய்கிறது என்பதை மனதாரச் சொல்வேன். ஆனால் எல்லை உண்டு. பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்றும், ஒரு முதன்மை ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பம்தான் அனுப்பலாம் என்றும் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனம் 2025 செப்டம்பர் முதல் விதித்திருக்கிறது. வெளியிடாத யோசனையைப் பொதுக் கருவியில் ஏற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும். அது சொல்லும் விதியை மூல ஆவணத்தில் பார்க்காமல் நம்பவே கூடாது. இதை ஆளுக்கு மாற்றாக எண்ணிப் பணியிடத்தைக் குறைத்தால், சரிபார்க்கும் வேலை முழுதும் ஆய்வாளர் தலையில்தான் விழும்.

யாருக்கு எது

ஆண்டுக்குச் சில கிராண்டுகள் மட்டும் நடக்கும் சிறிய நிறுவனம் என்றால், முதல் ஆளை நிதி வந்த பிறகான வேலை தெரிந்தவராக எடுங்கள். எழுத்துத் திறமையை அவருக்கு அப்புறம் கற்றுக்கொடுக்கலாம். கணக்கும் விதியும் தெரியாதவரை எடுத்துவிட்டு அவற்றைப் பின்னால் கற்றுக்கொடுப்பது அதைவிடக் கடினம். அறிவியல் வாசிப்புக்குச் சக ஆசிரியர் வட்டம் ஒன்றை அவரே கூட்டட்டும்: ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இரண்டு வாசகர், அதில் ஒருவர் வேறு துறைக்காரர், கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னால். இந்த வாசிப்பைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்த்தால்தான் வட்டம் நிலைக்கும்.

ஓரளவு பெரிய பல்கலைக்கழகத்துக்கு, முன்பு சொன்ன கலப்பு ஏற்பாடுதான். மிகப் பெரிய இடங்களில் மையம் ஏற்கெனவே பருத்திருக்கும். அங்கே புதிய பணியிடம் கேட்பதற்கு முன், இருப்பவர்களில் சிலரைத் துறைகளுக்கு அனுப்பிப் பாருங்கள்.

வைத்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க, விண்ணப்ப எண்ணிக்கையை அளக்காதீர்கள். அதை அளந்தால் பொருந்தாத விண்ணப்பங்கள்தான் பெருகும். கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்பு பட்ஜெட் உறுதியாகிறது, ஒப்புதல் கடிதம் வந்து எத்தனை நாளில் கணக்குத் திறக்கிறது, செலவழிக்காமல் எவ்வளவு திரும்பிப் போகிறது, முதல்முறை விண்ணப்பித்தவர்களில் நிராகரிக்கப்பட்ட பிறகும் எத்தனை பேர் மறுபடி வருகிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கடைசி எண் எனக்கு மிக முக்கியம். நல்ல ஆய்வு பலமுறை தட்டித்தான் உள்ளே போகிறது. முதல் நிராகரிப்போடு ஒதுங்கிவிடுபவர்களில் பெரும்பாலோர் உதவி கிடைக்காதவர்கள்தான்.

இவற்றில் எதுவும் இல்லாத நிறுவனத்தில் இருக்கிறீர்களா? கணக்குப் பிரிவில் ஆய்வுத் திட்டங்களின் கோப்பைப் பார்ப்பவர் யார் என்று விசாரியுங்கள். அடுத்த விண்ணப்பத்தின் பட்ஜெட்டை, எழுதத் தொடங்கும் வாரத்திலேயே அவரிடம் கொண்டுபோய் ஒவ்வொரு வரிக்கும் ‘இதில் என்ன தவறு நடக்கும்?’ என்று கேளுங்கள். பிறகு, நீங்கள் விண்ணப்பிக்கும் அதே நிதியை ஏற்கெனவே வாங்கிய ஒருவரிடம் அவருடைய வெற்றி பெற்ற விண்ணப்பத்தைக் கேளுங்கள். தயங்காதீர்கள், பலர் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். முடிந்தால் அவர் முதலில் தோற்ற விண்ணப்பத்தையும், அதற்கு வந்த குறிப்புகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.